சந்தில் கொட்டிய சக்கை

13 நவம்பர் 1984, செவ்வாய்

சுண்டெலி,

இன்று உன் கருமாதி முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிகளை லோரியில் ஏற்றிவிட்டார்கள். பெரிய அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உன் புத்தகப் பையைத் திறந்தேன். கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் எழுதாமல் இருந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் எழுதுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தப்பைப் பார்த்துச் சிரிக்காதே.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு. காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு என்றேன். கழுத்துப் பிடிப்பிலா பதினேழு வயசுப் பிள்ளை போகும் என்று ஒருத்தி கேட்டாள். மூளையைச் சுற்றியுள்ள ஜவ்வில் கிருமி ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் இன்னொன்றும் சொன்னார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

செண்பகம் வந்தாள், உன் சின்னம்மா. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன் கட்டிலை யாரும் தொடவில்லை. போர்வை அப்படியே கிடக்கிறது. நான் பக்கத்தில் கீழே பாய் போட்டுப் படுக்கிறேன்.


15 நவம்பர், வியாழன்

இன்று கடைக்குப் போனேன். கடை முதலாளி, தவுக்கே லியோங், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குவளை கோப்பி ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, வந்த சாமான்களைப் பிரிக்கப் போனார். அதுவே நல்லது.

பதினோரு வருஷமாக அந்தச் சீன மருந்துக் கடையைக் கூட்டுகிறேன், கிழங்கு வேர்களை வெயிலில் பரப்புகிறேன், பொட்டலம் கட்டுகிறேன். சுவர் முழுக்க இழுப்பறைகள். அவற்றின் மேலிருக்கும் எழுத்து எனக்குத் தெரியாது. எந்த வரிசையில் எத்தனையாவது என்று கைக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன் என்று உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன்.

முதலில் வந்தவனே கழுத்துப் பிடிப்புக்காரன். லோரி ஓட்டுகிறவன். தலை திரும்பாமல் உடம்போடு திரும்பினான். தவுக்கே எப்போதும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார். வேர்த்ததா? இல்லை, குளிர்தான் எடுக்கிறது என்றான். நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார், எனக்குக் கை காட்டினார். ஏழு இழுப்பறை. வெள்ளைக் கிழங்குச் சீவல், பச்சைக் குச்சி, பட்டைக் குச்சி, வெள்ளை வேர் வில்லை, அதிமதுரம், சிவப்பு இலந்தை, இஞ்சி. இதில் கிழங்குதான் பெரியவர். கழுத்தில் முறுக்கிக்கொண்டதை அவிழ்த்துவிடுவது அதுதான் என்பார் தவுக்கே. கிழங்கையும் பச்சைக் குச்சியையும் முதலில் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மற்ற ஐந்தும். மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்ற வேண்டும். குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்தால் இலேசாக வேர்க்கும், பிடிப்பு இறங்கும். ஏற்கெனவே வேர்க்கிறது என்று சொல்கிறவனுக்கு இந்தப் பொட்டலம் கிடையாது. காய்ச்சல் அனலாக அடித்து ஆள் மயங்கி மயங்கி விழுந்தால் எந்தப் பொட்டலமும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று கடையைவிட்டே துரத்துவார்.

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

எழுத வந்தது இது இல்லை. இன்று காலை அடுப்படிப் பின்வாசலைத் திறந்தேன். படியில் ஒரு குவியல் மருந்துச் சக்கை. குனிந்து கிளறிப் பார்த்தேன். அந்த ஏழும்தான். சூடாக இருந்தது.

காய்ச்சிய சக்கையை நடுத்தெருவில் கொட்ட வேண்டும் என்று தவுக்கே வீட்டம்மா சொல்லியிருக்கிறார். போகிறவர் வருகிறவர் நாலு பேர் மிதித்தால், ஆளுக்குக் கொஞ்சமாக நோயை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். ஒருத்தர் வாசலில் மட்டும் கொட்டக் கூடாது. மொத்தமும் ஒரே காலில் ஏறிக்கொள்ளும் என்றார்.

என் வாசலில் யார் கொட்டியது? இந்தச் சந்தில் இரண்டே வாசல்தான். என் பின்வாசல் ஒன்று. எதிரே செண்பகத்தின் முன்வாசல்.


16 நவம்பர், வெள்ளி

இன்றும் சக்கை. இன்றும் சூடு. உன் தலையணையில் ஈரம். தகரக்கூரை ஒழுகுகிறது போல.


18 நவம்பர், ஞாயிறு

சக்கையை மிதித்த தடம் இருந்தது.

வெறுங்கால். சிறிய பாதம். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். உனக்குச் செருப்பு வாங்கப் போனால் அந்த விரல் வெளியே எட்டிப் பார்க்குமே, அதே மாதிரி. வெகுநேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தண்ணீர் ஊற்ற மனம் வராமல், கவிழ்த்த கூடை ஒன்றை அதன்மேல் மூடி வைத்தேன். சாயங்காலம் தூக்கிப் பார்த்தபோது எறும்புதான் இருந்தது.

செண்பகம் அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த குழந்தைச் சட்டையை உதறாமல் அப்படியே நின்றாள். வாயைத் திறக்கப் போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

உனக்கு அந்தச் சண்டை முழுக்கத் தெரியாது. ஊரில் ஆயிரம் சொல்லியிருப்பார்கள். அவள் வளைகாப்பு அன்று நான் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனேன். முதல் வளையல் போடக் கையைப் பிடித்தேன். அவள் மாமியார் என் கையை விலக்கினாள். "நீங்க அந்தப் பக்கம் உக்காருங்கம்மா, புருஷன் இருக்கிறவங்க போடட்டும்." உன் அப்பா போய் அப்போது எட்டு வருஷம். மாமியார் பேசியதில் எனக்கு வருத்தம் இல்லை, அவள் வேற்று ஆள். என் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான் தூக்கி வளர்த்தவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வளையல்களைக் கொண்டுவந்து கிணற்றடியில் உடைத்தேன். அன்றிலிருந்து பேச்சில்லை. குழந்தையின் முகத்தைக்கூட நான் பார்த்தது கிடையாது.

இப்போது அவள்தான் காலையில் வந்து கொட்டுகிறாள். வேறு யாருக்கு என்மேல் அத்தனை பகை?


19 நவம்பர், திங்கள்

உன் வகுப்புப் பிள்ளைகள் சோதனை எழுதப் போனார்கள். நீலப் பாவாடைகள் வரிசையாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றன. உன் சோதனை எண் எழுதிய சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் தவுக்கே கிழங்கு இழுப்பறையை இழுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். பாதிக்கு இறங்கிவிட்டதாம். போன வாரம் இரண்டு பேருக்குத்தானே கட்டினோம் என்று மலாயில் கேட்டார். எலியாக இருக்கும் என்றேன். அவர் பச்சைக் குச்சி இழுப்பறையைத் திறந்தார், பட்டைக் குச்சியைத் திறந்தார், ஒன்றொன்றாக ஏழையும் திறந்தார். எல்லாமே இறங்கியிருந்தன. அளவு தெரிந்த எலி போலிருக்கிறது என்றார். சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நகக்கண்ணில் பச்சையாக ஏதோ இருந்தது. அங்கே வேலை செய்கிற கையில் அது இருக்காதா?


21 நவம்பர், புதன்

இன்று கடைக்குப் போகவில்லை. அந்தச் சனிக்கிழமையை எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

தீபாவளியை ஒட்டி எனக்குச் சளி, குளிர், கழுத்துப் பிடிப்பு. தவுக்கே கேட்டார், வேர்க்கவில்லை என்றேன், பொட்டலம் கொடுத்தார். இரண்டு நாள் குடித்தேன். வேர்த்துக் கொட்டியது. கழுத்து அவிழ்ந்துவிட்டது. நீகூட என் தலையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்து, "பொம்மை ரிப்பேர் ஆயிடுச்சு" என்றாய்.

தீபாவளி போய் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ பிடரியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். "உன்னோடது எனக்கு ஒட்டிக்கிச்சும்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை உடம்பு கொதித்தது. ஒரு முறை வாந்தி எடுத்தாய். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, சன்னலைச் சாத்து என்றாய். தவுக்கே ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கடைக்கு ஓடினேன். எனக்குத்தான், இன்னும் கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏழு இழுப்பறையையும் நானே திறந்து மூன்று நாளைக்கு நானே கட்டிக்கொண்டு வந்தேன். முறையாகக் காய்ச்சினேன். நுரை எடுத்தேன். மூன்று கிண்ணத்தை ஒன்றாக வற்றவைத்தேன். உன்னைத் தூக்கி உட்காரவைத்தபோது தலை தனியாக வரவில்லை. முதுகும் தலையும் பலகை மாதிரி ஒன்றாக எழுந்தன. கிண்ணத்தை வாயில் வைத்தேன். இரண்டு போர்வை போர்த்தினேன். வேர்க்கட்டும் என்று காத்திருந்தேன். பகல் முழுக்கக் காத்திருந்தேன்.

நெற்றியிலும் கழுத்திலும் ஈரம் இருந்தது. முன்னாலேயே துணி நனைத்துப் போட்டிருந்தேன். அந்த ஈரம்தான்.

ஞாயிறு காலை நீ என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாய். அப்போது டாக்சி பிடித்தேன். திங்கள் காலை எல்லாம் முடிந்தது.


22 நவம்பர், வியாழன்

சக்கை. தடம். ஈரம்.


24 நவம்பர், சனி

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றதை இன்று எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் விடிந்ததும் என் மருந்துச் சக்கையை எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்குத்தான் கிளம்பினேன். பின்வாசலைத் திறந்தேன். எதிரே அவள் வாசலில் கோலம். கம்பிக்கதவில் மாவிலைத் தோரணம். உள்ளே அந்தக் குழந்தை ஏதோ கத்திச் சிரித்தது. எனக்கு அந்த வளையல் ஞாபகம் வந்தது. நாலே எட்டு. அவள் கதவுக்கு நேராக, கோலத்தின்மேல் கொட்டினேன். கைக்குழந்தை இருக்கிற வீடு என்று தெரியும். தெரிந்துதான் கொட்டினேன்.

ஒரே வாசல், ஒரே கால்.

நீ அந்த வீட்டுக்குப் போவாய் என்று எனக்குத் தெரியாதே. பள்ளி விட்டு வந்ததும் பின்பக்கமாக நழுவிப்போய் அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று உன் சாவு வீட்டில்தான் காதில் விழுந்தது. யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பாவம், சின்னம்மா பிள்ளைமேல் உயிராக இருந்தாள் என்று.

நான் கொட்டினேன், நீ மிதித்தாய். அவ்வளவுதான். டாக்டருக்கு இது தெரியாது. அவர் நாளைக் கணக்குப் போட்டார்.


25 நவம்பர், ஞாயிறு

மருந்துச் சட்டி காலையில் ஈரமாக இருந்தது. நேற்றுத் துடைத்துக் கவிழ்த்தேன்.


27 நவம்பர், செவ்வாய்

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க நேற்று ஒரு வேலை செய்தேன். படுக்கும் முன் பின்கதவின் கொண்டியில் கறுப்பு நூலைக் கட்டி, மறுமுனையைச் சட்டத்தில் இருக்கும் ஆணியில் சுற்றினேன். மருந்துச் சட்டியை மேல் பரணில், அரிசித் தகரத்துக்குப் பின்னால் வைத்தேன்.

காலையில் நூல் அறுந்து கிடந்தது. அறுந்த இரண்டு துண்டும் உள்பக்கம் கிடந்தன. கொண்டி உள்பக்கமாக நீக்கியிருந்தது. சட்டி அடுப்பின்மேல் இருந்தது. கிண்ணம் காலியாகக் கழுவாமல் பக்கத்தில் இருந்தது. படியில் சக்கை, தடம்.

உள்ளிருந்து திறக்க உள்ளே யார் இருக்கிறார்கள்? நீயும் நானும்தான்.

நீதானா? மருந்து அன்றைக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது குடிக்கிறாயா? குடித்துவிட்டு நீயே கொண்டுபோய்க் கொட்டுகிறாயா? நான் பயப்படவில்லை. பரணில் ஏற நாற்காலி போட்டுக்கொள், விழுந்துவிடாதே.

என் குதிகாலில் ஏதோ உறுத்தியது. ஊசியால் எடுத்தேன். பச்சைக் குச்சியின் சிம்பு. கடையிலிருந்து வந்திருக்கும்.


28 நவம்பர், புதன்

உன் தலையணையை வெயிலில் காயவைத்தேன். மழை பெய்து ஆறு நாள் ஆகிறது. கூரையை ஏணி வைத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

இப்போதுதான் உனக்கு வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது. அப்படி நினைத்தபோது கொஞ்சம் நன்றாக இருந்தது. அதனால் பொட்டலம் தீர்ந்துவிடக் கூடாது என்று இன்றைக்கு நானே தெரிந்து இன்னொன்று கட்டிக்கொண்டு வந்தேன். தவுக்கே பார்த்தார். பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.


2 டிசம்பர், ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று வீட்டுக்கே வரவில்லை.

காலை பத்து மணி இருக்கும். தவுக்கே பின்கட்டில் வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் முன்னால் இருந்தேன். செண்பகம் கடைக்குள் வந்தாள். தலை சீவவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். என்னைத் தவிர வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை என்றதும் ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அக்கா, பாப்பாவுக்கு நேத்து ராத்திரியிலேருந்து சளியும் காய்ச்சலும். கழுத்து விறைச்ச மாதிரி இருக்கு. நீ குடிச்சு நல்லானியே, அந்தக் கழுத்து மருந்து, அதுல கொஞ்சம் குடுக்கா. அவருக்குச் சிங்கப்பூர்ல லீவு கிடைக்கல. எனக்கு ஒண்ணும் புரியல."

என் கை தானாகப் போய்விட்டது. இரண்டாம் வரிசை, நாலாவது. கிழங்குச் சீவலை ஒரு பிடி எடுத்துத் தாளில் வைத்தேன். மூன்றாம் வரிசை, பச்சைக் குச்சி. அப்புறம் வாய் தானாகக் கேட்டது. தவுக்கே கேட்கிற கேள்வி.

"வேர்த்துச்சா?"

"வேர்க்குது போல இருக்கு. இல்ல, நான்தான் ஈரத்துணி போட்டேன். அந்த ஈரமா இருக்கும்."

நான் தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி வந்தேன். குழந்தையை வாங்கினேன். முதல் தடவையாக வாங்கினேன். பிடரிக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். தலை தனியாக வரவில்லை. முதுகோடு பலகை மாதிரி எழுந்தது. உச்சிக்குழி உப்பியிருந்தது. அழுகை அழுகை மாதிரி இல்லை, மெல்லிய கம்பியை இழுக்கிற மாதிரி இருந்தது. பிடரி ஈரம். விரலை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"மருந்து இல்ல," என்றேன்.

"என்னக்கா, எடுத்து வெச்சிருக்க, இல்லங்கிற. இன்னும் என்மேல கோவமா? நான் வேணா கால்ல விழறேன். பிள்ளைக்குக் குடு."

"இது கழுத்துப் பிடிப்பு இல்லடி. இப்பவே ஆஸ்பத்திரி. ஒரு கிண்ணம் காயிற நேரம்கூட இல்ல."

நான் போட்ட சத்தத்தில் தவுக்கே கத்தியோடு ஓடிவந்தார். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், வேன் சாவியை எடுத்தார். வழியெல்லாம் ஓடு ஓடு என்று அவரை விரட்டினேன். பதினோரு வருஷத்தில் தவுக்கேயை நான் அப்படிப் பேசியதில்லை. வெற்றிலைச் சாறு துப்பிய மாதிரி அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். கையில் ஊசி ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் குழந்தையின் இரண்டு கருவளையலையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். பெரியம்மா என்று நினைத்துக் கொடுத்தாள். பெரியம்மாதான்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். உனக்கு வந்ததேதான். பிழைத்துக்கொள்ளும், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். உன் டாக்டர் என்னிடம் சொன்ன இன்னொன்று இதுதான், சுண்டெலி. நேற்றே கொண்டுவந்திருக்கலாமே அம்மா என்றார். இப்போது எழுதிவிட்டேன்.

நடைபாதை பெஞ்சில் நானும் செண்பகமும் உட்கார்ந்திருந்தோம். வளையல்கள் என் கையில் இருந்தன. அவை எலும்பைச் சுடுவது மாதிரி இருந்தது. சொல்லிவிட்டேன்.

"தீவாளிக்கு மறுநாள் உன் வாசல்ல சக்கை கொட்டுனது நான்தான். பாப்பா இருக்குன்னு தெரிஞ்சேதான் கொட்டுனேன். அதைத்தான் என் பிள்ளை மிதிச்சிட்டா. இன்னைக்கு உன் பிள்ளை."

அவள் அழுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். அந்த வாடை உன்னை விட்டா இந்தக் கம்பத்துல, இத்தனை வீட்டுல, யாருக்கு இருக்கு? என் கோலத்தையும் சேத்துக் கெடுத்திட்டியேன்னு திட்டிக்கிட்டே அப்பவே ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவிவிட்டேன். சுண்டெலி வந்தது அன்னைக்குச் சாயங்காலம். செருப்பு போட்டுக்கிட்டு வந்தா. காஞ்ச சிமெண்டு மேலதான் நடந்தா. அவ ஒண்ணையும் மிதிக்கலக்கா."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் கழுவினாய் என்று கேட்க வாய் வந்துவிட்டது. ஒரு மாதமாக நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை இரண்டு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டாள். சக்கை இல்லை என்றால் மிச்சம் இருப்பது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான்.

பழிக்குப் பழியாக நீயும்தான் என் படியில் கொட்டுகிறாயே என்றேன். அவள் பெஞ்சில் என் பக்கம் திரும்பினாள். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தாள்.

"நான் இல்லக்கா. நீதான். விடியற நேரத்துக்குப் பாப்பாவுக்குப் பால் கரைக்க எழுந்திரிப்பேன். உன் அடுப்படியில வெளிச்சம் தெரியும். சட்டிய எடுத்தாந்து உன் படியிலேயே கொட்டுவ. அப்புறம் வெறுங்காலோட அது மேல ஏறி நிப்ப. ரெண்டு தடவ கூப்பிட்டேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என்னைப் பாக்கல."

அந்தத் தடம் உன்னுடையது, இரண்டாவது விரல் நீளம் என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். அதே விரல். "நம்ம அம்மா கால்க்கா. உனக்கு, எனக்கு, அவளுக்கு, எல்லாருக்கும் அதேதான். நீ குனிஞ்சு உன் காலைப் பாத்ததே இல்லியா?"

குனிந்து பார்த்தேன்.

குழந்தையின் பெயர் இந்துமதி. நீ வைத்த பெயராம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சின்னம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். செண்பகம் என் விரல்களை வளையலோடு சேர்த்து மூடினாள். "வெச்சிரு. அவ வீட்டுக்கு வந்ததும் நீதான் போட்டுவிடணும். யாரு வந்து என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்."


3 டிசம்பர், திங்கள்

படி சுத்தமாக இருந்தது. சட்டி பரணில் இருந்தது. கொண்டி போட்டபடி இருந்தது. மீதி இருந்த பொட்டலத்தைத் தவுக்கேயிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் இழுப்பறையில் போட்டார். இனிமேல் அவர் இல்லாதபோது வீட்டம்மாவிடம் சொல்லாமல் எதையும் எடுக்காதே என்றார். அவ்வளவுதான் சொன்னார்.


4 டிசம்பர், செவ்வாய்

இந்துமதி இன்று பால் குடித்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். தனியாகத் திருப்பினாள்.

படி இன்றும் சுத்தம். சக்கை இல்லை, தடம் இல்லை. நான் எழுந்து நடக்கவில்லை. கால் இரண்டையும் புடவையால் சேர்த்துக் கட்டிக்கொண்டு பாயில் படுத்திருந்தேன். காலையில் கட்டு கட்டியபடியே இருந்தது.

ஆனால் உன் தலையணை ஈரமாக இருந்தது.

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நான் பொட்டலத்தோடு வந்தபோது நீ கேட்டாய். "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "என் கழுத்தையே அவிழ்த்த மருந்து இருக்குடி, எதுக்கு ஊசி?" என்றேன். நீ சரி என்றாய். நான் சொல்வதற்கெல்லாம் நீ சரி என்று சொல்கிற பிள்ளை.

தலையணையை எடுத்து, கடையில் குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பார்த்த மாதிரி, விரலில் ஒற்றி நாக்கில் வைத்தேன். உப்பு. நான் துணி நனைத்தது குழாய்த் தண்ணீரில். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்காது.

தவுக்கே பதினோரு வருஷமாக எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி. உன்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், சுண்டெலி. நான் கிண்ணத்தை உன் வாயில் வைத்தபோது உனக்கு வேர்த்திருந்ததா?